பிடித்த வரி உங்கள் பணம், கேட்டு வாங்குங்கள்

சென்னையில் லஸ் கார்னரிலும் பாண்டி பஜாரிலும் அடையாறு மேம்பாலத்தடியிலும் ஆர்டருக்காகக் காத்து நிற்கும் உணவு டெலிவரி தம்பிகளிடம் வருமான வரி பற்றிப் பேச்செடுத்தால் இரண்டே பதில்கள்தான் வரும். "நமக்கெல்லாம் ஏது சார் வரி?" "அதான் கம்பெனியே பிடிச்சுடுதே." இரண்டுமே பணத்தைக் கோட்டைவிடும் பதில்கள்.

ஸ்விக்கியோ சொமாட்டோவோ உங்களுக்குத் தருவது சம்பளம் அல்ல. அவர்கள் கணக்கில் நீங்கள் ஒப்பந்தக்காரர். அதனால்தான் 194சி பிரிவின்படி 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வரி. மாதம் 25,000 வீதம் வருடத்துக்கு 3 லட்சம் வாங்கினால் 3,000 ரூபாய் பிடிப்பார்கள். 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி கிடையாது. தள்ளுபடியைச் சேர்த்தால் 12 லட்சம் வரைக்கும் கட்ட வேண்டியதில்லை. ஆக, அந்த 3,000 முழுக்க உங்களுடையது. ரிட்டர்ன் போட்டால்தான் திரும்ப வரும். 'பார்ட்னர்' என்று வாய்நிறைய அழைக்கும் நிறுவனங்கள் இதை ஒரு நாளாவது உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம்.

பான் எண்ணை ஆதாருடன் இணைக்காதவர் நிலை இன்னும் மோசம். பான் செயலிழந்தால் பிடித்தம் 20 சதவீதம்; அதே 3 லட்சத்துக்கு 60,000 ரூபாய்! இணைக்கத் தாமதக் கட்டணம் 1,000. இன்றைக்கே கட்டிவிடுங்கள். நண்பர் ஐடியில் வண்டி ஓட்டுபவர்களும் கேளுங்கள்: உழைப்பு உங்களுடையது, வருமானமும் பிடித்தமும் ஏறுவது அவருடைய பானில்.

வேலையை இப்படித் தொடங்குங்கள். வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் தளத்தில் நுழைந்து முதலில் உங்கள் வரவும் பிடித்தமும் பதிவாகும் 26ஏஎஸ், ஏஐஎஸ் அறிக்கைகள் இரண்டையும் இறக்குங்கள். பேஅவுட் ஸ்டேட்மென்ட்டில் பிடித்த தொகை அவற்றில் வந்திருக்கிறதா பாருங்கள். இரண்டு ஆப்பில் ஓட்டினால் இரண்டு நிறுவனங்களின் பிடித்தமும் வந்திருக்க வேண்டும். விடுபட்டிருந்தால் வரி அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். பிடித்த நிறுவனம்தான் தன் டிடிஎஸ் அறிக்கையைத் திருத்த வேண்டும். அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

படிவம் ஐடிஆர்-4, அதாவது சுகம். ஐடிஆர்-1 சம்பளக்காரர்களுக்கானது, அதைத் தொடவே தொடாதீர்கள். 44ஏடி பிரிவின்படி வங்கியில் வந்த வரவில் குறைந்தது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். பெட்ரோல், சர்வீஸ் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது. நிஜ லாபம் அதைவிட அதிகமென்றால் நிஜத்தையே எழுதுங்கள். குறைத்து எழுதி மிச்சம் பிடிக்க இங்கே வரியே இல்லை. நாளைக்கு வண்டிக் கடனுக்கும், விபத்து இழப்பீட்டு வழக்கில் வருமானத்தை நிரூபிக்கவும் கையில் இருக்கப்போவது இந்த ரிட்டர்ன்தான். (மேலே சொன்ன பிரிவு எண்கள் 1961 சட்டத்தவை. 2026 ஏப்ரல் 1 முதல் வரும் வருமானத்துக்குப் புதிய சட்டம், புதிய எண்கள்.)

அனுப்பியதும் வேலை முடிந்தது என்று போய்விடாதீர்கள். 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போட்டுச் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காத ரிட்டர்ன் போடாத ரிட்டர்ன்தான்.

பிரவுசிங் சென்டர்களில் "பெரிய ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், பாதி எனக்கு" என்பவர்களிடம் ஏமாறாதீர்கள். கட்சி நன்கொடை, வீட்டு வாடகை என்று பொய்க் கழிவு எழுதுவார்கள். 2025 ஜூலையில் வரித்துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடத்தியது இப்படிப்பட்டவர்களைக் குறிவைத்துத்தான். எழுதியவர் நம்பரை மாற்றிவிடுவார். நோட்டீஸ் உங்கள் பானுக்கு வரும். பாஸ்வேர்டும் ஓடிபியும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கெடு தேதி வருடா வருடம் மாறுகிறது, தளத்திலேயே பாருங்கள். தவறவிட்டால் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் 1,000. அடிப்படை விலக்கு வரம்புக்குள் இருந்தால் அதுவும் இல்லை. அதையும் விட்டவர்கள் 'அப்டேட்டட் ரிட்டர்ன்' போட்டு ரீஃபண்ட் கேட்க முடியாது. 119(2)(பி) பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் தளம் வழியாகவே மனு போட வேண்டும். காரணத்தைச் சான்றோடு எழுதுங்கள். பதில் வராவிட்டால் நுங்கம்பாக்கம் மகாத்மா காந்தி சாலை வருமான வரி அலுவலகச் சேவை மையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.