சாம்சங் ஒடிசி ஜி5 (27 அங்குல விளையாட்டுக் கணித்திரை)

சாம்சங் ஒடிசி ஜி5 என்பது சாம்சங் நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட, நடுத்தர விலைப் பிரிவைச் சேர்ந்த வளைவுக் கணித்திரை ஆகும். இதன் 27 அங்குல வகையின் மாதிரி எண் சி27ஜி55டி. காட்டுப்பாக்கத்தில் இருப்பவர் இதை ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கினாலும், இணையத்தில் வரவழைத்தாலும், பெட்டியில் அச்சிட்ட எண்களை வைத்தே முடிவெடுக்க வேண்டியுள்ளது. அவற்றுள் சில எண்கள் பாதி உண்மையையே சொல்கின்றன.

படமும் வளைவும்

திரைத் துல்லியம் 2560×1440. அதாவது சுமார் 36.9 இலட்சம் படப்புள்ளிகள். வழக்கமான 1920×1080 திரையில் இருப்பவை 20.7 இலட்சம். கூர்மை கூடும், ஆனால் வரைகலை அட்டைக்கு வேலையும் ஏறக்குறைய 1.8 மடங்காகும். பழைய அட்டையை மாற்றாமல் இத்திரையை மட்டும் வாங்கினால் விளையாட்டு முன்பைவிட மெதுவாக ஓடலாம்.

வளைவு 1000ஆர், அதாவது 1000 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு பகுதி. மேசை முன் அமரும் ஒருவருக்கு இது பொருந்தும். வீட்டார் நால்வர் கூடி கிரிக்கெட் பார்க்க ஏற்றதன்று.

வேகம்

புதுப்பிப்பு வீதம் 144 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லிநொடி நிற்கும், இதில் 6.9 மில்லிநொடிதான். இணைத்தபின் விண்டோஸ் அமைப்பில் 144 எனத் தேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது 60-இலேயே இருந்துவிடுவதும் உண்டு. படம் இடையில் கிழிவதுபோல் தெரிவதைத் தவிர்க்க ஃப்ரீசிங்க் பிரீமியம் வசதி உள்ளது.

பெட்டியில் பெரிதாகத் தெரியும் "1 மில்லிநொடி" என்பது எம்பிஆர்டி அளவு. நகரும் படம் கண்ணில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையே அது குறிக்கும்; படப்புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரத்தை அன்று. பின்னொளியை விட்டுவிட்டு எரியவைத்து இந்த அளவை எட்டுவதால் படத்தின் பொலிவு குறையும். இத்திரையில் இருப்பது விஏ வகைப் பலகம். கருமையிலிருந்து சற்று வெளிர்ந்த நிறத்துக்கு மாற விஏ படப்புள்ளிகள் தயங்கும். இரவுக் காட்சிகளில் நகரும் உருவத்தின் பின்னே நிழல் இழுபடுவது அதனால்தான். கடையில் ஓடவிடும் பளிச்சென்ற காணொளியில் இது தெரியாது. இருண்ட காட்சி ஒன்றை ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்தபின் பணம் கொடுப்பது நல்லது.

ஒளி

விஏ பலகத்தின் ஆதாயம் மாறுபாட்டு விகிதம்: 2500:1. ஐபிஎஸ் திரைகளில் இது பொதுவாக 1000:1 அளவில் இருக்கும். விளக்கணைத்த அறையில் கறுப்பு கறுப்பாகவே தெரியும்.

எச்டிஆர்10 என்ற முத்திரையும் உண்டு. ஆனால் திரையின் பொலிவு 250 நிட்ஸ். வீசா அமைப்பின் டிஸ்பிளே எச்டிஆர் சான்றின் கடைசிப்படிக்கே 400 நிட்ஸ் வேண்டும். எச்டிஆர் சமிக்ஞையை இத்திரை ஏற்கும், அவ்வளவே. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

இணைப்பும் தாங்கியும்

ஓர் எச்டிஎம்ஐ 2.0, ஒரு டிஸ்பிளே போர்ட் 1.2, காதொலிக் கருவிக்கான துளை ஆகியவை உள்ளன. ஒலிபெருக்கி கிடையாது. பழைய மடிக்கணினிகளின் எச்டிஎம்ஐ 1.4 வழியாக இணைத்தால், முழுத் துல்லியத்தில் 75 ஹெர்ட்ஸ் அளவோடு நின்றுவிடும். கொடுத்த காசில் பாதி அங்கேயே போய்விடுகிறது. தாங்கியை முன்பின் சாய்க்கலாம், உயரத்தை மாற்ற முடியாது; கழுத்து வலிப்பவர்கள் பின்புறமுள்ள 75 மி.மீ. வீசா துளைகளில் தனிக் கை ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம்.