வியர்வையடக்கி: ஒரு மருத்துவச் சொல்லின் பொருளும் பிறப்பும்

சிலிம் ரிவர் வட்டாரத்தில் பால்மரம் சீவி வாழ்ந்த தலைமுறையினர்க்கு வியர்வையை வரவழைக்கும் மருத்துவம் நன்கு தெரியும். காய்ச்சல் கண்டவருக்குக் கசாயம் கொடுத்துக் கம்பளியால் போர்த்துவர். வேது பிடிக்கச் செய்வர். "வேர்த்துவிட்டால் சூடு இறங்கிவிடும்" என்று காத்திருப்பர். இத்தகைய மருந்தை வியர்வைபெருக்கி எனலாம். இவ்வுரை அதற்கு நேர்மாறான, வியர்வையைக் குறைக்கும் மருந்தின் பெயரைப் பற்றியது.

ஆங்கில மருத்துவ நூல்கள் அதனை 'ஆன்டிஹைட்ராட்டிக்' என்கின்றன. அறிவியல் பயிலும் மாணவர் இச்சொல்லைக் கண்டவுடன் ஹைட்ரஜனை நினைப்பார். 'ஹைட்ரோ' என்றால் நீர் என்பதால் 'நீரெதிர்ப்பி' என்று மொழிபெயர்ப்பார். அது மழைச்சட்டைக்குப் பொருந்தும் பெயர், மருந்துக்குப் பொருந்தாது. கிரேக்கத்தில் நீருக்கு 'ஹுடோர்' என்றும் வியர்வைக்கு 'ஹிட்ரோஸ்' என்றும் இரு வேறு சொற்கள் உள்ளன. நம் சொல் பின்னதிலிருந்து பிறந்தது. ஆங்கில எழுத்தில் 'ஐ', 'ஒய்' என்னும் ஓரெழுத்தே இவ்விரண்டையும் பிரிக்கிறது. ஆங்கிலேயரே அவ்வெழுத்தை மாற்றி எழுதுவதுண்டு. தமிழில் ஒலிபெயர்க்கும்போது அந்த ஓரெழுத்து வேறுபாடும் மறைந்துவிடுகிறது.

கிரேக்க 'ஹிட்ரோஸ்', இலத்தீன் 'சூடோர்', ஆங்கில 'சுவெட்', வடமொழி 'ஸ்வேத' ஆகிய நான்கும் ஒரே வேரின் கிளைகள். தொடக்கத்துச் சகர ஒலி கிரேக்கத்தில் ஹகரமாக மெலிந்தது. வடமொழிச் சொல்லைத் தமிழில் 'சுவேதம்' என்று எழுதினால் மற்றொரு குழப்பம் எழுகிறது. வெண்மையைக் குறிக்கும் 'ச்வேத' என்பதும் தமிழில் சுவேதமே ஆகும். ஆதலால் 'சுவேத நோய்' என்று ஒருவர் எழுதினால் வெண்புள்ளியா, மிகுவியர்வையா என்று மருத்துவரே திகைப்பார்.

யாழ்ப்பாணத்தில் இத்தகைய சிக்கல்களை அன்றாடம் எதிர்கொண்டவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1847-இல் இலங்கைக்கு வந்த அவர், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களையும் வெளியிட்டார். முதலில் தமிழில் தேடுக. கிடைக்காவிடின் வடமொழியை நாடுக. அதுவும் இயலாவிடின் ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்க்க என்பதே அவர் முறை. நம் சொல்லைப் பொறுத்தவரை முதற்படியிலேயே நின்றுவிடலாம். வியர்த்தல் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலிலேயே இடம்பெற்ற சொல். 'வேர்வை' அதன் பேச்சுவடிவம். வகுப்பில் அதனை இழிவென்று ஒதுக்க வேண்டியதில்லை.

இனி, 'எதிர்ப்பி', 'நீக்கி', 'அடக்கி' ஆகியவற்றுள் எது தக்கது? மருந்து செயற்படும் முறையே இதற்கு விடை தரும். அலுமினிய உப்புகள் வியர்வை நாளத்தின் வாயில் அடைப்பை உண்டாக்குகின்றன. அத்ரோப்பின் போன்றவை, சுரப்பிக்கு நரம்பு விடுக்கும் ஆணையைத் தடுக்கின்றன. வந்த வியர்வையை இவை துடைப்பதில்லை, வராமல் தடுக்கின்றன. எனவே 'வியர்வையடக்கி' என்பதே என் தேர்வு. கடையில் விற்கும் 'டியோடரன்ட்' நாற்றத்தை மட்டும் போக்குவது. அதனை நாற்றநீக்கி என வேறுபடுத்த வேண்டும். இரண்டையும் ஒரே குப்பியில் அடைத்து விற்பதால்தான் பெயர்களும் கலந்துவிட்டன.

மற்றொரு வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. ஆங்கிலத்தில் 'அன்ஹைட்ராட்டிக்' என்னும் சொல் மருந்தையும் குறிக்கும். வியர்க்க இயலாத உடல்நிலையையும் குறிக்கும். உள்ளங்கை வியர்வையால் தேர்வுத்தாள் நனையும் மாணவருக்கு முன்னது உதவி, பின்னதோ ஆபத்து. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. நம் நாட்டின் ஈரக்காற்றில் அது ஆவியாவதே அரிது. சுரக்கவும் இல்லையெனில் உடலின் வெப்பம் வெளியேற வழியில்லை. ஊமத்தங்காயைத் தின்றவரின் தோல் வறண்டு சுடுவது இதனால்தான்; அதில் அத்ரோப்பினும் அதன் இனத்து நஞ்சுகளும் உள்ளன. சளிக்காக விற்கப்படும் பழைய வகை மாத்திரைகள் சிலவும் வியர்வையைக் குறைக்கக்கூடியவை. அவற்றை விழுங்கிவிட்டு நண்பகலில் செம்பனைக் குலை வெட்டுபவர் அதனை அறிந்திருக்க வேண்டும்.

இந்த உடல்நிலையை 'வியர்வையடக்கம்' என்று எழுதினால் மருந்தும் நோயும் ஒன்றாகிவிடும். அதற்கு 'வியர்வையின்மை' என்று தனியே எழுதுக.