காய்ச்சல் கணக்கு

இலங்கையில் நிர்வாக மாவட்டங்கள் 25. ஆனால் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவு வாராவாரம் வெளியிடும் அறிக்கையின் அட்டவணையில் 26 வரிகள் இருக்கும். கூடுதலாக உள்ள அந்த ஒரு வரி நாம்தான்: பெரியநீலாவணை தொட்டு பொத்துவில் வரைக்குமான கல்முனைச் சுகாதாரப் பிராந்தியம். கரையோர மாவட்டம் கேட்டு நாம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். காய்ச்சல் கணக்கில் அது எப்போதோ கிடைத்துவிட்டது.

அந்த வரிக்குள் இலக்கம் எப்படி வருகிறது? ஒரு டாக்டர் டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக்காய்ச்சல் என்று சந்தேகப்பட்டாலே போதும், இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் எச் 544 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். படிவம் நோயாளி குடியிருக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகும். அங்கிருந்து பீ.எச்.ஐ. வீடு தேடி வருவார். விசாரித்து எச் 411 எழுதுவார். வாரக் கடைசியில் மொத்தக் கணக்கு கொழும்புக்குப் போகும். அறிக்கையில் இன்னொன்றும் உண்டு, பலர் கவனிப்பதில்லை: எத்தனை அலுவலகங்கள் கணக்கை நேரத்துக்கு அனுப்பின என்பதும் வீதத்தில் அச்சாகிறது. எனக்கு நோயின் எண்ணிக்கையைவிட அந்த வீதம்தான் முக்கியமாகப் படுகிறது. எண்ணிக்கை குறைந்தால் நோய் குறைந்தது என்றும் எடுக்கலாம், யாரும் எழுதவில்லை என்றும் எடுக்கலாம்.

இதற்கான சட்டம் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். அது தனியார் டாக்டர்களையும் கட்டுப்படுத்தும். ஆனால் நம் ஊர்களில் காய்ச்சல்காரர் முதலில் போவது பின்னேர கிளினிக்குக்குத்தான். "ரெண்டு நாள் காய்ச்சல்தானே, பெனடோல் போட்டாச் சரி" என்று குளிசையோடு வீடு திரும்பிவிடுவார். படிவம் பிறக்காது.

வட்டைக்குள் இறங்கும் ஊருக்கு இது சின்ன விசயமில்லை. 2024 நவம்பர் கடைசி வெள்ளத்துக்குப் பிறகு, டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் 'மர்மக் காய்ச்சல்' என்று ஆட்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். மாதிரிகளைப் பரிசோதித்தபோது அது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள கீறல் வழியே ஏறுகிறது. எந்த வட்டையில் முதல் ஆள் விழுந்தார் என்று தெரிந்தால், மற்றவர்களுக்கு டொக்சிசைக்ளின் குளிசையை முன்கூட்டியே கொடுக்கலாம். தெரியாவிட்டால் குளிசை பெட்டியிலேயே கிடக்கும்.

சுனாமியை நினைத்துப் பாருங்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல் மௌத்து. கிணறெல்லாம் உப்பு, பள்ளிக்கூடமெல்லாம் முகாம். வாந்திபேதி வரும் என்று உலகமே சொன்னது. பெரிய தொற்று எதுவும் வரவில்லை. குளோரின் போட்ட தண்ணீரும், முகாம்களிலிருந்து விடாமல் எடுக்கப்பட்ட நோய்க் கணக்கும் அதற்கு உதவின.

அதே கணக்கு கொரோனாக் காலத்தில் ஏன் தடுமாறியது? காரணம் நமக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் அடக்கவும் செய்யலாம் என்று சொல்லியிருந்தும், 2020 ஏப்ரல் வர்த்தமானியிலிருந்து 2021 பெப்ரவரி வரை ஜனாஸாக்களை எரித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் உம்மாவின் மையித்தும் கைக்கு வராது என்று பயந்தவன் இருமலை மறைத்தான். அவனை மட்டும் குறை சொல்ல என்னால் முடியாது. கண்காணிப்பு என்பது சனம் தானாக வந்து சொல்வதில் நிற்கிறது. சொன்னால் தண்டனை என்று ஆக்கியவர்கள் கணக்கையும் கெடுத்தார்கள்.

அம்வாஸ் கொள்ளைநோயின்போது உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃகிலிருந்து திரும்பிய சம்பவத்தை ஜும்ஆ பிரசங்கங்களில் கேட்டிருப்போம். அவர்கள் எடுத்த முடிவைப் பற்றித்தான் எப்போதும் பேசுகிறோம். தளபதிகள் எதிரே வந்து, ஷாமில் நோய் பரவிவிட்டது என்று நேரத்துக்குச் சொன்னதால்தான் அந்த ஆலோசனையே நடந்தது.

ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது "வட்டைக்குப் போனேன் டாக்டர்" என்று நீங்களே சொல்லுங்கள். காய்ச்சல் விடாவிட்டால் படிவம் எழுதினாரா என்றும் கேளுங்கள். பீ.எச்.ஐ. வந்தால், நுளம்புக்கு வழக்குப் போட வந்திருக்கிறார் என்று கேற்றைச் சாத்த வேண்டாம். பெரும்பாலும் அவர் கையில் இருப்பது அந்த எச் 411தான்.