கணிப்பொறியில் ஒரு கோயில் மணி

செஞ்சிக் கோட்டையைக் கண்டு திரும்புவோர் கல்யாண மகாலின் உயரத்தைச் சொல்வர்; இராஜகிரியின் உச்சியில் கிடக்கும் பீரங்கியைச் சொல்வர். காதாற் கேட்டதைச் சொல்வோர் மிகச் சிலரே. மாணவ நண்பர்களே, இன்று நாம் செஞ்சிக்குக் கண்ணை மூடிக்கொண்டு செவியோடு மட்டும் சென்று வருவோம்.

செஞ்சிக்கு அண்மையில் உள்ள சிங்கவரத்தில், பல்லவர் காலத்துக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். அங்கே வழிபாட்டு வேளையில் மணி ஒலிப்பதாகக் கொள்வோம். மணியே இல்லாமல் அவ்வோசையைப் படைக்க இயலுமா? முன்பே பதிவு செய்த ஒலியைத் திரும்பக் கேட்பது வேறு. இல்லாத ஒலியைப் புதிதாக ஆக்குவது வேறு. இரண்டாவது வேலையைச் செய்வதே மென்பொருள் சிந்தசைசர்.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. அதிர்வின் ஏற்ற இறக்கத்தை எண்களாகக் குறிக்கலாம். இசைத்தட்டின் தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 எண்கள் வேண்டும். அவ்வெண்களைக் கணிப்பொறியே கணக்கிட்டு ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் ஒலி பிறக்கிறது. 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மாத்யூஸ் என்னும் பொறியியலாளர் எழுதிய நிரல், இவ்வாறு 17 நொடி நேரம் ஓர் இசைத் துணுக்கை ஒலித்துக் காட்டியது. அன்று ஓர் அறையை அடைத்துக்கொண்ட பொறி செய்த வேலையை இன்று மடிக்கணினி எளிதிற் செய்கிறது.

மணியோசை வீணையின் ஓசையினின்று எதனால் வேறுபடுகிறது? நொடிக்கு 200 முறை அதிரும் வீணைத் தந்தியில் 400, 600, 800 என முழு மடங்கான மேல் அதிர்வுகளும் உடன் எழுகின்றன. மணியிலோ மேல் அதிர்வுகள் இவ்வொழுங்கிற்கு அடங்குவதில்லை. அதனாலேயே அதன் நாதம் உலோகத் தன்மையோடு விளங்குகிறது.

இத்தகைய நாதத்தை ஆக்கும் எளிய வழி ஒன்றை 1967இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டறிந்தார். நம் இசையில் ஒரு சுரத்தை அசைத்துப் பாடுவதைக் கம்பிதம் என்கிறோம். அதுபோன்ற ஓர் அசைவைக் கணிப்பொறி ஒலிக்குக் கொடுத்த அவர், அசைவின் வேகத்தையும் அளவையும் கூட்டிக்கொண்டே போனார். ஓர் எல்லையைக் கடந்ததும் அசைவு செவிக்குப் புலப்படவில்லை. அதற்கு மாறாக ஒரு புதிய நாதமே தோன்றியது! நொடிக்கு 200 முறை அதிரும் ஒலியை நொடிக்கு 280 முறை அசைத்தால், 480, 760 முதலிய அதிர்வுகள் பிறக்கும். அவை 200இன் முழு மடங்குகள் அல்ல. ஆகவே மணியின் சாயல் வந்துவிடுகிறது. 1983இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய யமஹா டி.எக்ஸ். 7 என்னும் இசைக்கருவி இம்முறையில் அமைந்ததே.

நாதம் மட்டும் போதாது. ஒலிக்கும் ஒரு வாழ்நாள் உண்டு. நாகசுரத்தின் ஒலி ஊதும் மூச்சு உள்ளளவும் நிற்கும். மணியோசையோ அடித்த கணத்திலேயே முழு வலிமையோடு எழுந்து, சிறிது சிறிதாகத் தேய்கிறது. அதிலும் கூரிய மேல் அதிர்வுகள் முதலில் மறைய, கனத்த அடியொலி நெடுநேரம் நிற்கிறது. ஆகவே, சிந்தசைசரில் எழுச்சி, தணிவு, நிலைப்பு, ஓய்வு என்னும் நான்கையும் தனித்தனியே வகுத்துத் தருகிறோம். மணிக்கு எழுச்சி நொடியினும் மிகக் குறுகியது, நிலைப்பு இல்லை, தணிவு நீண்டது. மேற்கூறிய அசைவின் அளவையும் நேரம் செல்லச் செல்லக் குறைத்தால், கூர்மை முதலில் அடங்கும்.

இறுதியாக, ஒலி உலவும் இடத்தையும் அமைக்க வேண்டும். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். எனவே செஞ்சியில் 170 மீட்டர் தொலைவிலுள்ள ஒரு பாறைச் சுவரை நோக்கிக் கூவினால், எதிரொலி ஒரு நொடியில் நம்மை வந்தடையும். சிந்தசைசரில் அதே ஒலியை ஒரு நொடி தாழ்த்தி, வலிமை குறைத்து மீண்டும் ஒலிக்கச் செய்தால், பாறை எதிரே நிற்பது போன்ற உணர்வு உண்டாகும்.

இத்தனை வசதியும் உள்ள மென்பொருளில், பிறர் ஆக்கிவைத்த ஆயத்த ஒலிகளும் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு நின்றுவிடுவது எளிது. ஆனால் அவற்றை ஆக்கியவர் கேட்ட மணி வேறு. நம் ஊரின் மணி வேறு. நம் மணி எத்தனை நொடி ஒலிக்கிறது, எந்த ஓசை முதலில் மறைகிறது என்பதை நாம் கேட்டறியாவிட்டால், பொறிக்கு என்ன கட்டளை இடுவோம்? நாம் கவனியாத ஒலியைக் கணிப்பொறி தானாகக் கற்பனை செய்து தராது.

ஆகவே, அடுத்த முறை செஞ்சிக்குச் செல்லும்போது ஒரு கடிகாரத்தையும் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு மணியோசை முற்றும் அடங்கும்வரை அசையாது நின்று கேளுங்கள். கேட்டதை எழுதிக்கொண்டு வந்து, பிறகு கணிப்பொறியின் முன் அமருங்கள்.