அழித்து அழித்து எழுந்த முகங்கள்

முகத்தை உள்ளபடி பிரதியெடுக்கும் காரியத்தைப் புகைப்படக் கருவி ஏற்றுக்கொண்ட பிறகு, ஒரு மனிதரை எதிரே அமர்த்திவைத்து ஓவியன் செய்வதென்ன என்ற கேள்விக்கு, லண்டன் கேம்டன் பகுதியின் சிறியதொரு சித்திரக்கூடத்தில் 1954 முதல் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் உழைத்த ஃபிராங்க் அவர்பாக்கின் வாழ்க்கையே விடையாக நிற்கிறது. 1931-இல் பெர்லினில் பிறந்து, ஏழு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அச்சிறுவன் தாய் தந்தையரை மீண்டும் காணவில்லை. நாஜிகள் அவர்களைக் கொன்றுவிட்டனர்.

அன்று தீட்டியது திருப்தி தராவிடில், வர்ணம் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு, அடுத்த முறை அதே முகத்தை ஆதியிலிருந்து தொடங்குவார். வாரந்தோறும் வந்து அமர்ந்த ஒரு சிலரையே வருஷக்கணக்கில் வரைந்தார். கரித்துண்டால் அவர் 1950களில் வரைந்த தலைகளை அருகில் சென்று பார்த்தால், ஓயாது அழித்ததில் காகிதம் கிழிந்திருப்பதும், கிழிந்த இடத்தில் ஒட்டிய துண்டின் மேலேயே கண்ணும் கன்னமும் மறுபடி எழுந்திருப்பதும் தெரியும். எதிரே அமர்ந்திருக்கும் ஜீவனின் கனத்தைப் பற்றிக்கொள்வதே சாயல் என்பதை எனக்கு இவ்வளவு தெளிவாக உணர்த்திய சித்திரங்கள் வேறில்லை.

அத்தலைகள் 2024-இல் லண்டன் கோர்ட்டோல்ட் காட்சிக்கூடத்தில் ஒருங்கே வைக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில், 93-ஆம் வயதில், அவர் காலமானார்.