இடம் உணர்த்தும் பொருள்



‘மாலை’ என்ற சொல்லை ஒரு தாளிலே தனியே எழுதிக் காட்டினால், அது பொழுதைக் குறிக்கிறதா, பூவைக் குறிக்கிறதா என்று யாரால் சொல்ல முடியும்? வாக்கியத்தில் அது நிற்கும் இடமே அதன் பொருளைத் தருகிறது. மண்ணுக்குள் இருந்து வெளிப்படும் தொல்பொருளும் அத்தகையதே. இருந்த இடத்திலிருந்து அதனைப் பெயர்த்தெடுத்துவிட்டால், பாதி கதை மண்ணோடு போய்விடும்.

நம் நாட்டிலேயே இரு சான்றுகள் உள்ளன. 1911இல் காலி நகரில் தொம்லின் என்ற பொறியியலாளர், வடிகால் ஒன்றுக்கு மூடுகல்லாகக் கிடந்த கற்பலகையில் எழுத்துக்கள் இருப்பதைக் கண்டார். சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழிகளில் 1409இல் பொறிக்கப்பட்டு, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு இலங்கைக்கு வந்த கல்வெட்டு அது. இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. ஆண்டும் தெரியும், வாசகமும் தெரியும். ஆனால் அது முதன்முதலில் நாட்டப்பட்டது காலியிலா, தெவிநுவரையிலா என்பது இன்னும் விவாதத்துக்குரியதாகவே இருக்கிறது. யாரோ எப்போதோ அதனை இடம் பெயர்த்துவிட்டார்கள்.

மற்றது ஆனைக்கோட்டை முத்திரை. 1980இல் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையிலான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினரின் அகழ்வில் வெளிப்பட்டது. விரல்நுனி அளவேயான அதில் சில குறியீடுகளும் மூன்றே பிராமி எழுத்துக்களும் உள்ளன. எனினும் அது பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமப் புதைகுழி ஒன்றில், மனித எலும்புக்கூட்டோடு கிடைத்தது. ஆகவே, அங்கு அடக்கஞ் செய்யப்பட்டவர் அச்சமூகத்தில் உயர்நிலையில் இருந்தவர் என்று ஆய்வாளர் கருத இடமுண்டாயிற்று. அதே முத்திரை ஒரு பழம்பொருள் வியாபாரியின் பெட்டியில் இருந்து வந்திருந்தால் இவ்வளவும் சொல்லியிருக்குமா?

ஆகவே, கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் கிண்டும்போதோ பழம்பொருள் ஒன்று தென்பட்டால் முதற் கடமை, மண்வெட்டியைக் கீழே வைப்பதுதான். உலோகமாகத் தோன்றினால் தொடவே வேண்டாம். போர் நடந்த நிலத்தில் அது வெடிபொருளாகவும் இருக்கலாம். விலகி நின்று பொலிஸாருக்கு அறிவியுங்கள். மனித எலும்பு தென்பட்டாலும் அவ்வாறே. அதன் காலத்தை நாமாகத் தீர்மானித்தல் கூடாது.

ஆபத்தில்லை என்று உறுதியானபின், பொருளை அசைக்காமலே படம் எடுங்கள். அளவு தெரிய அருகே ஒரு பேனையை வையுங்கள். நிலமட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம், மண்ணின் நிறம் என்ன, கூடக் கிடந்தவை எவை, கண்ட நாள் எது என்பனவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மழையினாலோ மண் சரிவதாலோ எடுத்தே ஆகவேண்டிய நிலை வந்தால், சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து வையுங்கள். வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தைப்போலப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிவிடாதீர்கள். நாணயத்தின் தேய்ந்த எழுத்துக்கள் களிம்போடு சேர்ந்து போய்விடும். பானை ஓட்டில் ஒட்டிய கரியுங்கூட அதன் காலத்தைச் சொல்லக்கூடும். பரணில் ஏட்டுச்சுவடி கிடைத்தாலும், கயிற்றை அவிழ்த்து ஏடுகளின் ஒழுங்கைக் குலைத்துவிடாதீர்கள். அங்கும் இடமே பொருள்.

சட்டமும் இதையே வேண்டுகிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, தொல்பொருளைக் கண்டெடுத்தவர் தாமதமின்றி உரிய அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருள் தேடி அகழ்வது, சொந்தக் காணியிலேயாயினும் குற்றம். கிராம அலுவலர் வழியாகவோ பிரதேச செயலகத்திலோ தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். பொருளை ஒப்படைத்தால் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

“அறிவித்தால் காணி போய்விடுமே” என்ற அச்சம் நம்மவரிடையே உண்டு. அதற்குக் காரணமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒளித்து வைத்த பொருள் எவருக்காகவும் சாட்சி சொல்லாது. பதிவில்லாத பொருளுக்கு எவரும் எந்தக் கதையையும் கட்டலாம். எனவேதான் கடிதத்தின் பிரதியையும் படங்களையும் கைவசம் வைத்திருங்கள். இன்னொரு பிரதியை அண்மையிலுள்ள பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கும் அனுப்புங்கள். நாளும் இடமும் குறித்த ஒரு பதிவு பலர் கையில் இருக்கும்போது, அதனை ஒருவர் தனியே மாற்றி எழுதிவிட முடியாது.

இதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் ஒரு பங்குண்டு. ஒரு பிள்ளை கையில் ஓர் ஓட்டுத்துண்டோடு வகுப்புக்கு வரும்போது, “இது என்ன?” என்று கேட்பதற்கு முன், “இதை எங்கே எடுத்தாய், மகன்?” என்று கேட்கப் பழகுவோம்.