பலாச்சுளையும் இங்கிலீஷ் பதமும்

குற்றாலத்தில் சாரல் விழும் காலத்தில் வாங்கிய பலாப்பழத்தை முழுதாக விழுங்க முற்படுவார் உண்டோ? அரிந்து, சக்கை நீக்கி, சுளை சுளையாக அல்லவா உண்கிறோம்! ஆனால் நீண்டதோர் இங்கிலீஷ் பதம் எதிர்ப்பட்டால் நம் பிள்ளைகள் அதை முழுதாகவே விழுங்கப் பார்க்கிறார்கள். சுரண்டை போன்ற ஊர்களில், வீட்டில் அம்மொழி வழங்காத குழந்தைகள் நெட்டுருப் போட்டு, மறுநாளே மறந்து, 'நமக்கு இங்கிலீஷ் வராது' என்று மனம் சோர்கிறார்கள். குறை அவர்கள் அறிவில் அன்று, பயிலும் வழியில்தான்.

நீண்ட சொல்லைப் பிரிக்கும் வித்தை நமக்குப் புதிதன்று. யாப்பிலக்கணத்தார் அசை பிரித்தார்கள். அது செவிக்கு உரியது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் பகுபத உறுப்புக்களைப் பிரித்துக் காட்டுகிறது. அது பொருளுக்கு உரியது. 'வந்தனன்' என்பது அசையால் 'வந்-தனன்' என இரண்டே. உறுப்பாகப் பிரித்தாலோ, 'வா' என்னும் பகுதியும், காலங்காட்டும் 'த்' என்னும் இடைநிலையும், ஆண்பாலை உணர்த்தும் 'அன்' என்னும் விகுதியும், பிறவும் வெளிப்படும்.

இங்கிலீஷிலும் இவ்விரு வழிகளும் உண்டு. 'இண்டிபெண்டென்ஸ்' என்பதைச் செவியால் பிரித்தால் இன்-டி-பெண்-டென்ஸ் என நான்கு அசை. அசைதோறும் ஓர் உயிரொலி இருக்கும், அதுவே அடையாளம். இனிப் பொருளால் பிரிப்போம். லத்தீன் மொழியில் 'பெண்ட்' என்றால் தொங்குதல். கடிகாரத்துப் பெண்டுலமும் அவ்வேரில் பிறந்ததே. 'டி' என்பது ஒன்றிலிருந்து கீழ்நோக்குதலைக் குறிக்கும். முன்னே நிற்கும் 'இன்' இன்மையையும், ஈற்றிலுள்ள 'என்ஸ்' தன்மையையும் உணர்த்தும். ஆகப் பிறரைப் பற்றித் தொங்காத தன்மையே சுதந்திரம்! இதை அறிந்த குழந்தை அப்பதத்தை மறக்குமா?

ஒன்று கவனிக்கத்தக்கது. தமிழில் பகுதி முதலில் நிற்கும். இங்கிலீஷிலோ அதற்கு முன்னும் ஒட்டுக்கள் வந்து சேரும். ஆதலால் பகுதியை நடுவிலும் தேட வேண்டும். அன்றியும், அசையின் எல்லை வேறு, உறுப்பின் எல்லை வேறு. ஹெ-லி-காப்-டர் என்று செவி பிரிக்கிறது. 1861-ல் பிரான்சில் அப்பதத்தைப் படைத்தவரோ, சுருளைக் குறிக்கும் 'ஹெலிகோ', இறகைக் குறிக்கும் 'ப்டெரோன்' என்னும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்தார்.

எனவே பெற்றோர்களே, நாளுக்கு ஒரு பதம் போதும். முதலில் கைதட்டி அசை பிரித்து வாசிக்கச் செய்யுங்கள். பின்னர் அகராதியைப் பார்த்து உறுப்புக்களைப் பென்சிலால் கோடிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். அதே வேளையில் ஒரு தமிழ்ப் பதத்தையும் பிரிக்கச் சொன்னால், ஒரே உழைப்பில் இரு மொழியும் கைவரும்.